மையில் ஒன்றும் தெரியவில்லை

கோகிலவாணி பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்தது. ராசிபுரத்துக்கு மேற்கே இருந்த அவர்கள் ஊரில், அப்படிப் பிறந்த பிள்ளைக்கு மைக்கண் உண்டு என்று நம்பினார்கள். வெற்றிலையில் மையைத் தடவிக் கையில் கொடுத்தால், காணாமல்போன பொருளும் ஆளும் எங்கே இருக்கிறதென்று அந்தக் கண்ணுக்குத் தெரியுமாம். அவளுடைய தாய்மாமன் காளியப்பன் மை போட்டுப் பார்ப்பவர். அவருக்கு மந்திரம் தெரியும், மை காய்ச்சத் தெரியும். பார்க்கிற கண் மட்டும் இல்லை. வாணிக்கு எட்டு வயது ஆனதும் அவளைத் தன் முன்னால் உட்காரவைத்தார்.

மைக்குள்ளே கூட்டுகிறவன் வந்து கூட்டிவிட்டானா, தண்ணீர் தெளித்தாகிவிட்டதா, நாற்காலி போட்டாகிவிட்டதா, அனுமார் வந்து உட்கார்ந்துவிட்டாரா என்று மாமன் வரிசையாகக் கேட்பார். முதல் நாள் வாணி உண்மையைத்தான் சொன்னாள். வெற்றிலையில் விளக்குச் சுடர் மின்னியது, குனிந்தால் அவளுடைய மூக்கு தெரிந்தது, அவ்வளவுதான். சுற்றி நின்றவர்களின் முகம் வாடிப்போயிற்று. இன்னொரு தடவை நன்றாகப் பார் என்றார் மாமன். அவர் குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவள் மறுபடி குனிந்து, அனுமார் வந்துவிட்டார் என்று சொன்னாள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். அதன் பிறகு அது சிரமமாக இல்லை. கேட்பவர்களின் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருந்தது.

பதினோரு வயதில் ஒரு தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மூன்று பவுன் சங்கிலி காணாமல்போயிருந்தது. எடுத்தது யார் என்று மாமன் கேட்டபோது வாணி வெற்றிலையிலிருந்து நிமிர்ந்தாள். எதிரே கொடியில் ஒரு சிவப்பு ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பு ரவிக்கை போட்ட பொம்பளை என்று சொல்லிவிட்டாள். அந்தத் தோட்டத்துக்குக் களையெடுக்க வரும் கந்தம்மாளிடம் சிவப்பு ரவிக்கை ஒன்று இருந்தது. அவளை வேப்பமரத்தில் கட்டிவைத்து விசாரித்தார்கள். அடுத்த வாரம் அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துச் சங்கிலி பருத்திக்கொட்டை மூட்டைக்குள் கிடைத்தது. கந்தம்மாளைத் தேடிப் போய்ச் சொல்ல ஒருவரும் கிளம்பவில்லை. மை பொய் சொல்லாது, எடுத்தவளே பயந்துபோய் மூட்டைக்குள் போட்டிருப்பாள் என்று மாமன் சொன்னார். வயதுக்கு வரும்வரை வாணி அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள்.

இருபத்திரண்டு வயதில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஈஸ்வருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஈஸ்வர் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டிவிட்டு, மழைக் காலத்தில் வீட்டுக்கு வருவான். மாமியார் சின்னாயிக்கு மருமகளின் கண்ணைப் பற்றி முன்பே தெரியும். அதைப் பெருமையாகத்தான் நினைத்தாள். ஆடு தொலைந்தாலும் வண்டி தொலைந்தாலும் அக்கம்பக்கத்தார் வாசலில் வந்து நின்றார்கள். தலைவலி என்றும் தீட்டு என்றும் சொல்லி வாணி அவர்களை அனுப்பிவைப்பாள். மையில் தான் எதையும் பார்த்ததே இல்லை என்று அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். ஈஸ்வர் அதைக் கேட்டுச் சிரித்தான். அவனுடைய மேனேஜர் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பாராம். அதில் பாதிக் குழியில் தண்ணீர் வராது, புழுதிதான் வரும், ஆனாலும் ஜனங்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றான். அவன் அவளை நம்பினான். அதன் பிறகு வேறு யாரும் நம்பவில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. வாணி ஒரு தறிப்பட்டறையில் நூலைத் தாரில் சுற்றும் வேலைக்குப் போனாள். கூட வேலை செய்த ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அழைத்தாள். தகரக் கூரை போட்ட சின்னச் சபை; நடத்தியவர் பாஸ்டர் கலையரசன், ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். வாணி போன மூன்றாவது வாரம் அவர் மோசேயின் கட்டளைகளைப் பற்றிப் பேசினார். குறி சொல்வது, நாள் பார்ப்பது, அஞ்சனம் பார்ப்பது எல்லாம் கர்த்தருக்கு அருவருப்பு என்றார். கூட்டம் முடிந்ததும் வாணி அவரிடம் போய், அஞ்சனம் என்றால் என்னவென்று கேட்டாள். மை போட்டுப் பார்ப்பது என்று அவர் சொன்னார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளை மையின் முன்னால் உட்காரவைக்கக் கூடாதென்று ஒருவர் எழுதியே வைத்திருக்கிறார். கேட்டு வருகிறவர்களிடம் இனிச் சாக்குச் சொல்ல வேண்டாம், எங்கள் வேதத்தில் கூடாது என்று சொல்லலாம். அடுத்த சித்திரையில் பள்ளிபாளையத்துக் காவிரியில் ஞானஸ்நானம் எடுத்தாள். ஈஸ்வர் கரையில் துண்டோடு நின்றான். சின்னாயி ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பேசினாள். ஐந்து வருஷம் யாரும் வெற்றிலையோடு வரவில்லை.

போன பங்குனியில் ஈஸ்வர் காணாமல்போனான். ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வண்டி நின்றிருந்தபோது மேனேஜரோடு வாக்குவாதம் வந்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனானாம். சாயங்காலத்திலிருந்து போன் அணைந்திருந்தது. அவனுடைய தம்பி சிவக்குமார் ரயிலேறிப் போய்ப் பத்து நாள் தேடினான். போலீஸில் எழுதிக் கொடுத்தான், ஆஸ்பத்திரிகளில் கேட்டான், பாஷை தெரியாமல் திரும்பி வந்தான். வைகாசி போயிற்று, ஆனி வந்தது. மற்ற ரிக் வண்டிகளெல்லாம் சேறு அப்பிய சக்கரங்களோடு ஊர் திரும்பின.

ஆனி கடைசியில் சின்னாயி மோகனூர்ப் பக்கம் யாரிடமோ போய் மை வாங்கி வந்தாள். டப்பாவை வாணியின் முன்னால் வைத்தாள். வாணி அதைத் தொடவில்லை. தன் கண்ணில் எதுவும் இல்லை, சின்ன வயதில் சொன்னதெல்லாம் பொய் என்று முதல் தடவையாக மாமியாரிடம் சொன்னாள். சபைக்காரர்களுக்குப் பயந்து அப்படிச் சொல்கிறாள் என்று சின்னாயி நினைத்தாள். சண்டை போடவில்லை. சாப்பாட்டை விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை.

வாணி பாஸ்டரிடம் ஓடினாள். அவர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நெடுநேரம் ஈஸ்வருக்காக ஜெபித்தார். அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது. ஆனால் மையைத் தொடக் கூடாது என்றார். பகைவரைக் கண்டு நடுங்கிய சவுல் ராஜா வேஷம் மாறிப்போய், குறிசொல்கிறவளிடம் செத்தவரை எழுப்பித்தரச் சொன்ன கதையைச் சொன்னார். கேட்டதற்குப் பதில் கிடைத்தது, மறுநாளே அவன் செத்தான் என்றார்.

"அதுல ஒண்ணுமே தெரியாதுங்க பாஸ்டர்," என்றாள் வாணி. "நான் பாத்திருக்கறனுங்க. வெறும் மைங்க."

"அதுல தெரியும் சகோதரி. தெரியறதுனாலதான் கர்த்தர் வேண்டாங்கறாரு. ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குக் கட்டளை?"

வாணி எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் சின்னாயி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. வாணி டப்பாவைத் திறந்தாள். ஒரு வெற்றிலையைத் துடைத்து மையைத் தடவினாள், விளக்கை ஏற்றினாள். சின்னாயி தட்டுத் தடுமாறி எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மாமியார் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் உட்கார்ந்தாள். ஆனால் குனிந்த பிறகு உண்மையாகவே தேடினாள். ஒருவேளை பாஸ்டர் சொல்வது சரியாக இருந்தால், ஒருவேளை மாமன் சொன்னது சரியாக இருந்தால், இத்தனை வருஷம் தனக்குத்தான் பார்க்கத் தெரியாமல் இருந்திருந்தால் என்று நினைத்தாள். அது பாவம் என்றாலும் பரவாயில்லை, ஒரு தடவை அவன் முகம் தெரிந்தால் போதும் என்று மனதுக்குள் கெஞ்சினாள். யாரிடம் கெஞ்சுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்துச் சுடர் இரண்டாகத் தெரிந்தது. மையில் ஒன்றும் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது சின்னாயி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்காருங்க அத்தை," என்றாள் வாணி. "தாடி வெச்சிருக்காருங்க. ஒரு டீக்கடைப் பெஞ்சுல உக்காந்திருக்காரு."

சின்னாயி கும்பிட்டாள். பிறகு ஒரு தம்ளர் கஞ்சி குடித்தாள்.

அந்த வார ஜெபக்கூட்டத்துக்குள் சேதி சபைக்குப் போய்விட்டது. பாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேசினார். மூன்று மாதம் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது, மனந்திரும்புதலோடு காத்திருக்க வேண்டும் என்றார். வாணி ஒப்புக்கொண்டாள். ஒன்றை மட்டும் அவர் நம்ப வேண்டும் என்று கேட்டாள்: அவள் எதையும் பார்க்கவில்லை, சொன்னது பொய். பொய் சொன்னதற்குத் தண்டனை கொடுங்கள் என்றாள். பாஸ்டர் வருத்தமாகத் தலையை அசைத்தார். பிசாசு காட்டியதை மறைத்துவைத்தால் அது உள்ளேயே தங்கிவிடும், மறைக்காதே என்றார்.

ஆவணியில் சத்தீஸ்கரிலிருந்து சிவக்குமாரின் போனுக்குப் படங்கள் வந்தன. சித்திரையில் ஒரு கல்குவாரிக் குட்டையில் அடையாளம் தெரியாத ஆண் உடல் கிடைத்ததாம். போலீஸே அடக்கம் செய்துவிட்டார்கள்; ஒரு எலும்பை மட்டும் பரிசோதனைக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். முகம் அடையாளம் காணும்படி இல்லை. சட்டைக் காலரில் திருச்செங்கோட்டுத் தையல்கடைச் சீட்டு இருந்தது. வாணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது பொத்தான் பச்சை நூலில் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு காலையில், வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவள் அவசரமாகத் தைத்த பொத்தான்.

வாணி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டில் போய் நின்றாள்.

உறுதி செய்ய டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும், தாயின் ரத்தம் இருந்தால் நல்லது என்று போலீஸ் கேட்டார்கள். சின்னாயி மறுத்துவிட்டாள். சித்திரையில் செத்தவன் ஆனி மாதம் டீக்கடையில் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று கேட்டாள். ஒரே கடையில் நூறு பேர் சட்டை தைப்பார்கள் என்றாள். வாணி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பொய் சொன்னனுங்க அத்தை. நீங்க சாப்புடோணும்னு சொன்னனுங்க. அந்தச் சட்டை அவரோடதுதானுங்க, பொத்தான் நாந்தான் தெச்சேன்."

சின்னாயி குனிந்து அவள் தலையைத் தடவினாள். "அந்தப் பாஸ்டர் உன்னைய மெரட்டி இப்புடிச் சொல்லச் சொல்றாராக்கு," என்றாள். "நீ பாத்தப்ப உங்கண்ணு கலங்குச்சே, நான் பாத்துட்டுத்தான இருந்தேன். பயப்படாத சாமி."

சிவக்குமாரின் ரத்தத்தை வைத்தும் பரிசோதிக்கலாம் என்று வக்கீல் ஒருவர் சொன்னார். அம்மா உயிரோடு இருக்கும்போது அம்மாவை மீறி அண்ணனைச் செத்தவனாக்க என்னால் முடியாது அண்ணி என்று அவன் சொல்லிவிட்டான். அவனுக்கும் அந்த டீக்கடை வேண்டியிருந்தது. வாணி பட்டறையில் ஒருவரைப் பிடித்து இந்தியில் மனு எழுதித் தானே அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பினாள். ரத்த உறவு வர வேண்டும் என்று பதில் வந்தது. பதினேழு வருஷம் அவனோடு வாழ்ந்தவளின் ரத்தம் அதற்கு உதவாது.

ஐப்பசியில் மூன்று மாதம் முடிந்தது. பாஸ்டர் அப்பத்தை நீட்டியபோது வாணி வாங்கிக்கொண்டாள். கணவனுக்காக ஓர் அடக்க ஆராதனை நடத்த முடியுமா என்று அவரிடம் கேட்டாள். சான்றிதழ் இல்லாமல், குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் எப்படி நடத்துவது என்று அவர் தயங்கினார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இப்போது மறுபடி ஆட்கள் வருகிறார்கள். சங்ககிரியிலிருந்து ஒரு பெண், வடக்கே போன மகனின் புகைப்படத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒன்றும் தெரியாதம்மா என்று வாணி சொல்லச் சொல்ல, சின்னாயி அவளுக்கு மோர் கொடுத்து, நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பினாள்.

வாணி வேலைக்குக் கிளம்பும்போது சின்னாயி தினமும் ஒரு கேள்வி கேட்கிறாள். இன்றைக்கு அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று. ஆரம்பத்தில் வாணி பதில் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். அப்படிப் போன நாட்களில் சின்னாயி மத்தியானம் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நேற்றும் கேட்டாள். வாணி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இப்பத்தான் எந்திரிச்சிருப்பாருங்க அத்தை. நீங்க நேரத்துக்குச் சாப்புடுங்க. நான் வாரேன்."