போயா நாள் குளிசை

யாராவது சேலையை நீட்டினால் இரத்தினம்மா ஒருமுறை விரித்துப் பார்ப்பாள். பிறகு சட்டைத் துணி அடுக்கியிருக்கும் தட்டுகளை நோக்கி நடந்து ஒரு கட்டை உருவுவாள். அதுதான் நிறம். இன்னொன்றை எடுத்து ஒப்பிட வேண்டியதில்லை. கண்டி நகரத்துத் துணிக்கடை ஒன்றில் இருபத்தாறு வருடம் அவள் அப்படித்தான் நின்றாள். அக்குறணையிலிருந்து வேலைக்கு வரும் றம்லத், பக்கத்து மேசையில் நின்ற காலமெல்லாம் அவளிடம் ஒரு பிழை கண்டதில்லை.

2006இல், நாற்பத்தாறு வயதில், இரத்தினம்மாவுக்குப் பிரஷர் என்றார்கள். காலையில் விழுங்க ஒரு குளிசை. போட்டால் மத்தியானத்துக்குள் நாலு தரம் மூத்திரம் போக வேண்டும். கடையில் கழிவறை ஒன்றுதான், மேல்மாடியில். சாவி மேனேஜர் கணபதியின் மேசை லாச்சியில்.

"இப்பதானே போய்ட்டு வந்தீங்க இரத்தினம்மா. மேல தனியா கடை ஏதும் போட்டிருக்கீங்களா?" என்று ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் முன்னால் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். றம்லத்தும் சிரித்தாள்.

அன்று மாலை பஸ்ஸில் இரத்தினம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இனி ஞாயித்துக்கிழமைக்கும் பௌர்ணமிப் போயா லீவுக்கும்தான் குளிசை. கடையும் பூட்டு, கக்கூசும் பக்கத்துல."

"கிளினிக்ல பிடிச்சிருவாங்களே அக்கா?"

"அதுக்கு முந்தின மூணு நாளு போட்டுக்கிட்டு, தண்ணி குடிக்காம சமாளிச்சிருவேன். கொப்பியில நல்லதாத்தான் எழுதுவாங்க."

"தல சுத்தினா?"

"சுத்தட்டும். களைச்சா நிக்கும்."

"நீங்க கெட்டிக்காரிதான்" என்றாள் றம்லத். அவளுக்கு அது உண்மையிலேயே கெட்டித்தனமாகத்தான் பட்டது. நாலு வருடம் கழித்துத் தனக்கும் பிரஷர் என்றபோது, அவளும் அதே வழியில் போனாள்.

ஐம்பத்திரண்டாவது வயதில், ஒருநாள், மாம்பழ நிறச் சேலைக்கு இரத்தினம்மா எலுமிச்சை நிறத்தை எடுத்துவந்தாள். பிழை அவளுக்கே தெரிந்தது. ஆனால் எந்தத் தட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. பிறகு விலைகள் மறந்தன. கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே அதைத் தேடினாள். "தீட்டு நிக்கிற வயசு, அப்பிடித்தான் இருக்கும்" என்றார்கள் கடையில். வீட்டில் கணவர் தியாகராஜாவும் அதையே சொன்னார். அவளும் நம்பினாள். றம்லத் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் அந்தந்த நிறத்தில் ஒரு துண்டுத் துணியைக் குத்தி வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் தள்ளினார்கள்.

பெரஹர ஊர்வல நாட்களின் நெரிசலில், மேசையருகே நின்றபடியே, இரத்தினம்மாவின் வாய் கோணியது.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இது இன்றைக்கு வந்த வினையல்ல என்றார். பிரஷர் கூடிக்கூடி, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களை வருடக்கணக்காகக் கெடுத்திருக்கிறது. வெளியே தெரியாமலே சின்னச் சின்ன இடங்கள் செத்திருக்கின்றன. மறதி வயதால் வந்ததல்ல, அங்கிருந்துதான் வந்தது. அவர் கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

"இதுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு. குளிசை ஒழுங்கா போட்டீங்களா அம்மா?"

இரத்தினம்மா யோசித்தாள். "போயாவுக்குப் போட்டேன்" என்றாள்.

தியாகராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலருகே நின்ற றம்லத் தலைகுனிந்துகொண்டாள்.

அதன்பின் இரத்தினம்மாவின் கட்டுகஸ்தோட்டை வீட்டில் குளிசை ஒருநாளும் தவறவில்லை. போனது திரும்பவுமில்லை. றம்லத் பார்க்கப் போகும்போதெல்லாம் இரத்தினம்மா அவளுடைய முக்காட்டின் ஓரத்தைப் பிடித்துத் தடவி, "இதுக்கு என்ன பேரு, இந்த நெறத்துக்கு?" என்று கேட்பாள். சொன்னால் தலையாட்டுவாள். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்பாள். அடுத்த வருடம் மார்கழியில் மூளையில் இன்னொரு அடைப்பு வந்து, இரண்டாம் நாள் போய்விட்டாள்.

தகனத்துக்கு மறுநாள் கடை திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் வேலை நாளில் குளிசையை விழுங்க றம்லத்துக்கு மனம் துணிந்ததில்லை. அன்று விழுங்கிவிட்டு பஸ் ஏறினாள். பத்து மணிக்குச் சாவி கேட்டாள். பதினொன்றுக்கு மறுபடி போய் நின்றாள்.

"இப்பதானே..." என்று தொடங்கினார் கணபதி.

றம்லத் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் லாச்சியைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மேலே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, முன்பு அந்தக் கேலிக்குத் தானும் சிரித்ததை நினைத்து அவள் அழுதாள்.