மூக்கன் வெட்டியெடுத்த இரும்பு

மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இரும்புப் பட்டறை மூக்கனுடையது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து லொறியின் அடிச்சட்டம் வரை எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். எழுத்துத் தெரியாத மனிதர். ஆனால் ஒன்று முறிந்தால், அது ஏன் அந்த இடத்தில் முறிந்தது என்று தெரியாமல் அடுப்பை மூட்டமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் தோட்டத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று, உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் எடுத்த அமெரிக்கப் பட்டாளத்து லொறி. மற்றது, புதிதாக வந்திறங்கிய லேண்ட்ரோவர் பிக்கப். மழைக்காலத்தில் ஏழாம் நம்பர் மலையிலிருந்து கொழுந்து இறக்க வேறு வண்டி கிடையாது.

ஒருநாள் பட்டாளத்து லொறியின் சட்டம் பள்ளத்தில் அடிபட்டுக் கீறியது. டவுன் பட்டறையொன்றில் அந்தப் 'ப' வடிவச் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி, வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில், தகடு முடிகிற இடத்தில் வெடிப்பு. நீளமான தகடு போட்டார்கள். அதன் நுனியிலும் வெடித்தது.

தோட்டத்தை நடத்தும் தொரை மூக்கனை அழைத்தார். "இன்னும் தடிப்பா தகடு போடு. புது வண்டி சட்டம் பாரு, நாலு பக்கமும் அடைச்ச பெட்டி. இதையும் அப்படிச் செய்."

மூக்கனுக்கு மனம் ஒப்பவில்லை. குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்ததும் மனைவி பூரணியிடம் கேட்டார். இரண்டு வண்டியிலும் கொழுந்துச் சாக்கோடு ஏறி வந்தவள் அவள்.

"பள்ளத்துல எறங்கையில என்னா வித்தியாசம் புள்ள?"

"பழைய லொறி முறுக்கிக்கிட்டு நெளியுதுங்க, மேல தகரமெல்லாம் கத்தும். புதுசு நெளியாது. சக்கரந்தான் மேலயும் கீழயும் போகுது."

மறுநாள் டிரைவர் இக்னேசியஸைக் கூப்பிட்டு, லொறியின் ஒரு முன்சக்கரத்தைப் பாறைமேல் ஏற்றச் சொன்னார். சட்டத்தின் முன்னால் ஒரு கடப்பாரை, பின்னால் ஒன்று என்று குறுக்கே வைத்துக் கட்டி, பின்னாலிருந்து குனிந்து ஒற்றைக்கண்ணால் பார்த்தார். இரண்டு கடப்பாரையும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நின்றன. அதேபோல் கட்டிப் பிக்கப்பை ஏற்றியபோது ஏறக்குறைய நேராகவே நின்றன. சக்கரத்தைத் தாங்கும் வில்தான் வளைந்து கொடுத்தது.

"தம்பி, புது வண்டி நிமிர்ந்து நிக்கச் செஞ்ச சட்டம். இது முறுக்கிக் குடுக்கச் செஞ்சது. நடுவுல மூடிக் கட்டிப்போட்டா, முறுக்கு பூராவும் தகட்டு நுனியிலதானே வந்து விழும்?" என்றார் இக்னேசியஸிடம்.

தகடுகளை வெட்டியெடுக்கப் போவதாகச் சொன்னதும் தொரை முகம் சிவந்தார்.

"இரும்பை வெட்டி வீசினா லொறி எப்படிப் பலமாகும்? முறிஞ்சா?"

"முறிஞ்சா பட்டறைய விட்டுட்டு மலைக்கு மம்பட்டி தூக்கிட்டுப் போயிர்றேங்க."

தொரை சரியென்றார்.

மூக்கன் தகடுகளை அறுத்தெடுத்தார். வெடிப்பின் இரு நுனியிலும் துளைபோட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்தினார். நுனி சரிவாக வெட்டிய நீளத் தகடொன்றைச் சட்டத்தின் உட்பக்கம் வைத்து, பழுக்கக் காய்ச்சிய ரிவிட் ஆணிகளால் அடித்து இறுக்கினார். பாரம் முழுக்க விழுகிற மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் கை வைக்கவேயில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க சனிக்கிழமை தோறும் லொறிக்கடியில் படுப்பார். சட்டத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்பு பூசிக் காத்திருப்பார். வெடிப்பிருந்தால் எண்ணெய் கசிந்து கோடு தெரியும். கோடு தெரியவேயில்லை. கடைசிச் சனிக்கிழமை தொரையே காக்கிக் கால்சட்டையோடு அடியில் ஊர்ந்து பார்த்தார். வெளியே வந்து, கிரீஸ் கையோடு மூக்கனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டறையில் யாரும் அதற்கு முன் அப்படியொன்றைக் கண்டதில்லை.

பூண்டுலோயா, கந்தப்பளைத் தோட்டங்களிலிருந்தும் அவருக்கு ஆள் வந்தது. ஒரு வண்டிக்குச் செய்ததை அடுத்ததற்கு அவர் செய்ததில்லை. பெட்டிச் சட்டத்தில் அடிபட்டிருந்தால் சுற்றிலும் வெல்டிங் அடித்து மூடச் சொல்வார். திறந்த சட்டமென்றால் ரிவிட். எதுவானாலும் முதலில் பாறையும் இரண்டு கடப்பாரையும் வேண்டும்.

அறுபத்து நாலில் லொறியின் என்ஜின் கைவிட்டது. சட்டத்தைப் பிரிக்கும் வேலையும் மூக்கனிடமே வந்தது. அத்தனை வருஷமாகியும் ஒன்றுகூடத் தளராத ரிவிட்டுகளை உளியால் வெட்டியெடுக்க அரை நாளாயிற்று. தேத்தண்ணி கொண்டுவந்த பூரணி, வியர்த்துக் கொட்டிய மனிதரைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொஞ்சம் தளர்த்தி அடிச்சிருக்கலாம்ல?"

மூக்கன் உளியைக் கீழே வைக்காமலே தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார்.