மீனுக்குக் கேட்ட புழு மருந்து

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த சமயம் அது. கள்ளக்குறிச்சியில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் கணவருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் தலைப்பிள்ளை இறந்தே பிறந்தது. நான் யாரோடும் பேசுவதை விட்டுவிட்டேன். என்னை என்ன செய்வதென்று தெரியாமல், அவர் சென்னையிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும், முட்டையிடாமல் குட்டி போடும் கப்பி மீன்கள் கொஞ்சமும் வாங்கி வந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அதில் ஒரு மீன் குட்டி போட்டபோது, தாய் தின்றுவிடாமல் குட்டிகளைப் பிரித்து வைப்பதற்காக எழுந்தேன். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடமாட ஆரம்பித்தேன்.

மறியல் தொடங்கியபோது அவர் ஆலையில் மாட்டிக்கொண்டார். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. தனியாக இருந்த அந்த நாட்களில்தான் அந்தத் தாய் மீன் ஒதுங்கி, அடியில் கிடக்க ஆரம்பித்தது. வயிறு உப்பியிருந்ததால் மறுபடியும் சினையாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால், அதன் பின்பக்கத்திலிருந்து சிவப்பு நூல் மாதிரி ஏதோ தொங்கியது. அது நெளிந்தது. மற்ற மீன்களைப் பார்த்தேன். இரண்டு மூன்றுக்கு அப்படியே இருந்தது.

தாய் மீனை ஒரு பாட்டிலில் விட்டு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு நடந்தே போனேன். டாக்டர் தன் சொந்த ஊரிலிருந்து வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டாராம். உதவியாளர் மட்டும் இருந்தார். பாட்டிலைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, அலுத்துக்கொண்டார்.

“ஊரே இப்பிடி கெடக்குது, மீனுக்கு வந்துட்டீங்களே. வயித்துப் புழுவுக்கு ஆட்டு மருந்துதான் இருந்துச்சி. இருந்ததையும் இப்பதான் அந்தம்மாவுக்கு ஊத்திக் குடுத்தேன். லாரி வந்தாத்தான் இனிமே.”

அவர் கைகாட்டிய இடத்தில், படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்வராயன் மலைக்காரி. கச்சிராயபாளையம் வரை மலையிறங்கி, அங்கிருந்தும் நடந்தே வந்திருக்கிறாள். மடியில் வயிறு வீங்கிய ஆட்டுக்குட்டி. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“அதுல இன்னாம்மா?” என்றாள்.

“மீனு. வயித்துல புழு.”

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இதுக்கும் வருதா!” என்றாள்.

பிறகு குட்டியின் வாயைத் திறந்து மருந்தை ஊற்றினாள். அது விழுங்கவில்லை. கடைவாய் வழியே வழிந்தது. இரண்டாம் தரம் ஊற்றுவதற்குள் குட்டியின் தலை சாய்ந்துவிட்டது. அவள் அழவில்லை. முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள். மிச்ச மருந்தை என்னிடம் நீட்டினாள்.

“வூட்டுல வேற ஆடு இருக்குமே. வச்சிக்குங்க” என்றேன்.

“இருக்குது. அதுங்களுக்கு வந்தா அப்ப பாத்துக்கலாம். உன்னுது இப்ப இழுத்துக்கினு கெடக்குதே.”

செத்த குட்டியைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு தூரம் ஏன் சுமக்க வேண்டும், இங்கேயே புதைக்கச் சொல்லலாமே என்றேன்.

“இதோட தாயி அங்க கத்திக்கினு கெடக்கும்மா. ஒரு தரம் மோந்து பாத்தாத்தான் அடங்கும்.”

அவள் போய்விட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. என் குழந்தையை எனக்குக் காட்டவேயில்லை. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். என் நல்லதுக்குத்தான் செய்தார்கள்.

மீனுக்கு எவ்வளவு மருந்து என்று உதவியாளருக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாகத் தொட்டியில் சில சொட்டு விட்டேன். சிவப்பு நூல்கள் கழன்று அடியில் விழுந்தபோது கைதட்டாத குறை. குழாய் வைத்து அவற்றை உறிஞ்சி வெளியேற்றி, பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள் காலையில் தாய் மீன் பக்கவாட்டில் மிதந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் குட்டிகளும். அந்தப் புழு குடலைக் கடித்துக்கொண்டு ரத்தத்தைக் குடிக்குமாம். வெளியே தெரியும்போதே நாள் கடந்திருக்கும் என்று பின்னால் ஒருவர் சொன்னார். அளவு தப்பியதா, காலம் தப்பியதா, இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு மீனையும் உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் புதைத்தேன்.

மரங்களை அகற்றத் தொடங்கியதும் என் கணவர் பாதி வழி நடந்து வந்து சேர்ந்தார். வெறும் தண்ணீர் நிற்கும் தொட்டியைப் பார்த்தார். “வேற வாங்கியாந்து தர்றேன்” என்றார்.

“வேணாம். நம்ம கொழந்த எப்பிடி இருந்துச்சி? நீங்க பாத்தீங்க இல்ல?”

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “தல நெறைய முடி இருந்துச்சி. மூக்கு உன்னுதுதான்.”

அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதோம்.

அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை, மீனும் வளர்க்கவில்லை. ஆனால் எந்த வீட்டிலாவது இப்படி ஒரு சாவு நேர்ந்து, “அவளுக்குக் காட்ட வேண்டாம்” என்று யாராவது சொன்னால், நான் குறுக்கே போய் நின்று, பெற்றவள் ஒரு தரம் பார்க்கட்டும் என்று இன்றும் சண்டை போடுகிறேன்.