பல் டாக்டர் தொட்டியில் வெள்ளைப் புள்ளி

என் அக்காவுக்குப் பொறுமை அதிகம். எனக்கு அது மருந்துக்கும் கிடையாது. அவள் இதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்பதால் நான் சொல்கிறேன்.

கடை, வங்கி, ஆஸ்பத்திரி என்று பதினோரு இடங்களில் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது அவள் தொழில். நான் கூடப் போய் வாளி தூக்குவேன். அடிக்கசடைக் குழாயால் உறிஞ்சி, பாசி சுரண்டி, கால் பங்குத் தண்ணீர் மாற்றுவோம். "மீனைக் குளிப்பாட்டுற வேலையா?" என்று யாராவது கேட்டால் அக்கா சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பல் டாக்டரின் தொட்டியில் ஐந்து தங்கமீன்கள் இருந்தன. மூத்தவன் பெயர் குண்டன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் விரல் நீளத்தில் அக்கா வாங்கி விட்டது, இப்போது உள்ளங்கையில் அடங்காது. அவளுக்கு அவன் பிள்ளை மாதிரி.

ஒரு திங்கட்கிழமை குண்டனின் வாலில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து தொடாது. உதிர்ந்து, பெருகி, தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். அவசரப்பட்டால் காரியம் கெடும். அக்கா தொட்டியை அளந்து, கற்கள் அடைத்த இடத்தைக் கழித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றினாள். காற்றுக் குமிழியைக் கூட்டினாள். மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் வடிகட்டியிலிருந்த கரிப் பையை எடுத்து அலமாரியில் வைத்தாள். தண்ணீர் நீலமானது.

"நான் சொல்ற வரைக்கும் இந்தப் பையை உள்ள வைக்காதீங்க. புள்ளி போனாலும் வைக்காதீங்க" என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொன்னாள்.

"சரிக்கா, சரிக்கா."

செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் மருந்து விட்டோம். புள்ளி மறையும், திரும்ப வரும். நீலம் சீக்கிரமே வெளுத்தது. வெளிச்சத்தில் அப்படித்தான் ஆகும் என்று அக்கா நினைத்தாள். நான்கு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன.

"உங்க மருந்துதான் கொல்லுது" என்றார் டாக்டர். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குத்தான் அலமாரியைத் திறந்தேன். காய்ந்து கிடக்க வேண்டிய கரிப் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தண்ணி நீலமா இருந்தா பேஷண்ட்டுங்க முகம் சுளிக்கிறாங்கக்கா. அதான் நீங்க போனதும் வைப்பேன், நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். பாத்தா நீங்க வருத்தப்படுவீங்கல்ல?" என்றாள் அந்தப் புண்ணியவதி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்தினாள். "குண்டனை வீட்டுக்குக் கொண்டு போறேன் சார். ரெண்டு வாரம் தொட்டியில மீனே விடாதீங்க. ஒட்டிக்க மீன் இல்லன்னா அந்தப் பூச்சி தானா செத்துரும்" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னாள்.

எங்கள் குளியலறையைக் குண்டனின் பிளாஸ்டிக் தொட்டி அடைத்துக்கொண்டது. அக்காவின் கணவர், என் மாமா, இரண்டு வாரம் பக்கத்து வீட்டில் குளித்தார். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படி உக்காந்து பாத்தியா?" என்று அக்காவிடம் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. புள்ளிகள் ஐந்தாம் நாளே போய்விட்டன, அக்கா மருந்தை நிறுத்தவில்லை.

பதினைந்தாம் நாள் டாக்டர் போன் செய்தார். நாங்கள் குண்டனைத் தூக்கி வந்த மறுநாளே ஆறு புது மீன் வாங்கித் தொட்டியில் விட்டாராம். "அதுங்க மேலயும் வெள்ளையா இருக்கு, வந்து பாருங்க. அந்தப் பெரிய மீன் பொழைச்சிடுச்சுன்னா அதையும் கொண்டுவந்து விட்டுடுங்க. பேஷண்ட்டுங்க கேக்குறாங்க."

ஒரு சொட்டு மருந்துக்குக்கூடப் பொய்க்கணக்குச் சொல்லாதவள் என் அக்கா. குண்டனைப் பார்த்தாள். உடம்பில் ஒரு புள்ளி இல்லை.

"அவன் செத்துட்டான் சார்" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது.

"மருந்தை எடுத்து வை, கிளம்பலாம்" என்றாள். "அந்த ஆறும் என்ன பாவம் பண்ணுச்சு?"