வாக் குளோஸ்

எங்கள் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவே நம்பியது. அவரும் நம்பினார், அதுதான் வினை. சோப்பு உறையில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

எழுபதுகளின் தொடக்கம், நல்ல வெயில் காலம். உச்சி வேளையில் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் கையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைப் பார்க்க வேண்டுமாம். கடைத்தெருவில் விசாரித்திருக்கிறார்கள். கேட்டவருக்குத் தெரியாது என்று சொல்வது மரியாதையில்லையே, ஆளுக்கொரு திசையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள் நம்மவர்கள்.

அப்பா தறியை விட்டு எழுந்து வந்தார். நடை சாத்தியிருப்பார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று சொல்ல நினைத்தார். நடைக்கு அவர் அறிந்த இங்கிலீஷ் 'வாக்'. கோயில் இருக்கும் பக்கம் கையை நீட்டி, "டெம்பிள், வாக் குளோஸ்!" என்றார். நடந்தே போகலாம், பக்கம்தான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாலு மணியைச் சொல்ல அப்பா வார்த்தை தேடுவதற்குள் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்தபோது இருவர் முகமும் சிவந்து கிடந்தது. சாத்திக் கிடந்த கோயில் வாசலில் சுடுகல்லில் செருப்பில்லாமல் நின்றதில் அந்த அம்மாள் கால் பொத்துப்போய் நொண்டினாள். குளோஸ் என்றாயே என்று வெள்ளைக்காரர் கத்தினார். அப்பாவோ பூரித்துப்போய், "எஸ், எஸ்! குளோஸ்!" என்றார். அந்த அம்மாள் அப்படியே தெருவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டுக் கல்லூரி அண்ணன்தான் ஓடிவந்து விஷயத்தை உடைத்தார். "இன்னா மாமா நீ! கிட்டக்கதான் இருக்குதுன்னு நெனச்சிக்கினு போயிருக்காங்க. மூணு மணிக்கு மெட்ராஸ் பஸ்ஸாம், ராத்திரி ஏரோப்ளேனாம்."

தெரு கொல்லென்று சிரித்தது. அப்பா கொண்டுவந்த மோரை அந்த அம்மாள் குடித்தாள். மரத்தைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

மறுநாளே என் பெயர் பள்ளிக்கூடத்தில் 'வாக் குளோஸ் பொண்ணு' ஆகிவிட்டது. செத்துப்போகலாம் போலிருந்தது. அதோடு விட்டாரா அப்பா? அந்த அண்ணனிடம் சரியான வாக்கியத்தைக் கேட்டு உருப்போட்டுக்கொண்டு, தினமும் உச்சி வேளையில் தெருமுனையில் போய் நின்றார். எந்த வெள்ளைக்காரரும் வரவில்லை. போகிற வருகிறவர்கள்தான் கேலி செய்தார்கள்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "உள்ள வாப்பா! எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்மா. அத்தினி தூரத்துலேர்ந்து வந்துச்சி அந்தம்மா. நான்தானே பாக்கவுடாம அனுப்பிட்டேன்."

ஒரு மாமரம்தானே, அதற்கா இந்தப் பாடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவருக்கும் அவமானம் அந்த இங்கிலீஷால்தான் என்று நினைத்து, அண்ணனிடம் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளச் சொன்னேன்.