வெள்ளையடித்த குகை

அந்தக் குகைக்கு நான் முதன்முதலாகப் போன அன்று ஈரச் சுண்ணாம்பு வாசம்தான் வரவேற்றது. மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில், பத்துப் பேர் மழைக்கு ஒதுங்கி நிற்கிற அளவு குகை. வாசலில் ஒரு சாமி சிலை, அதற்கு ஒரு பூசாரி. ராஜபாளையத்துப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த வரலாற்று டீச்சர்தான், அதன் உள்சுவரில் காவி நிறத்தில் விரல் நீள மனிதர்கள் ஒரு மாட்டைச் சுற்றி நிற்பதை முதலில் கவனித்தவர். எழுத்தே இல்லாத காலத்து ஆட்கள் வரைந்தது என்பார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அப்புறம் வேறு பேச்சே கிடையாது. கணக்கு வாத்தியாரான நான், "உங்க ஆளுக சம்பளம் வாங்காம எம்புட்டு வேலை பாத்திருக்காக!" என்று சீண்டுவேன். அதற்கும் சிரிப்பார்.

மலைப்பக்கம் கல் உடைப்பவர்கள் நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள். பாதுகாக்க வேண்டிய இடம் என்று அரசாங்கம் அறிவித்தால் குகை தப்பும். டீச்சர் மனு மேல் மனுப் போட்டு, ஒருவழியாகத் தொல்லியல் அதிகாரி வர ஒப்புக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் டீச்சர் பூசாரியிடமும் சொல்லி வைத்தார். அதுதான் வினையாகிவிட்டது. எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவோ, வீட்டில் கல்யாணமோ, பெரிய மனிதர் வருகையோ, முதல் வேலை வெள்ளையடிப்பதுதான். நாங்கள் அதிகாரியோடு போய் இறங்கியபோது குகை உள்ளும் புறமும் பளீரென்று இருந்தது. வாசலில் காவிப்பட்டை வேறு.

"ஆபீசர் வாராக, செவரெல்லாம் கறையா இருந்துச்சு டீச்சர்," என்றார் பூசாரி, பாராட்டை எதிர்பார்த்து.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் பூசாரி பதறிப்போனார். "செத்த நேரம் இருங்க, தேச்சுக் கழுவிருதேன்," என்று தேங்காய் நாரோடு ஓடிவந்தார். டீச்சர் எழுந்து பாய்ந்து சுவரை மறைத்து நின்றார். "தொடாதீக! தேச்சா உள்ள இருக்கதும் போயிரும்."

அதிகாரியும் அதையே சொன்னார். நிபுணர்கள் வந்துதான் சுண்ணாம்பை எடுக்க வேண்டும், எழுதுகிறேன் என்று கிளம்பினார். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை டீச்சர் அழுதுகொண்டே வந்தார். "யாரும் கண்டுக்காம இருந்தவரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகலையே சார். காப்பாத்தப் போயி நான்தானே அழிச்சேன்?"

அதிகாரி எழுதியதில் கல் உடைப்பு நின்றுவிட்டது. நிபுணர்கள் இன்னும் வரவில்லை. டீச்சர் ஓய்வு பெற்ற பிறகும், கொடைக்காக வெள்ளையடிக்கும் நாளன்று தவறாமல் போய், இன்னொரு பூச்சு விழாதபடி அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். இந்த வருடம் முழங்கால் வலி. என்னைப் போகச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி நான் போய்ச் சேர்வதற்குள் வேலை தொடங்கிவிட்டது. பதறி உள்ளே நுழைந்தேன். புதிதாக வந்த வெள்ளையடிக்கிறவர் சுண்ணாம்பு வாளியும் பூசுகிற மட்டையுமாக அந்தச் சுவரை நெருங்க, பூசாரி இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, அங்கிட்டுப் போகாத. உள்ள ஆளுக இருக்காக."