அமைதி அலை அனுப்பப் போன காலை

என் கணவர் கள்ளக்குறிச்சியில் பள்ளி ஆசிரியர். இயற்பியல் பாடம். கோயில் பக்கமே போகாதவர். கல்வராயன் மலையில் வேலை பார்த்தபோது, திருவிழாவில் அருள் வந்து ஆடிய ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, அவள் புருஷனிடமே போய், "இது நரம்புக் கோளாறு, டாக்டர்கிட்ட காட்டு" என்று சொன்னவர்.

அவரை ஒரு தியான வகுப்பு பிடித்துக்கொண்டது. அங்கே பேச வந்தவர் சாமி என்ற சொல்லையே எடுக்கவில்லை. அணு என்றார், ஆற்றல் என்றார், ரேடியோ நிலையம் மாதிரி மனசும் அலை பரப்புகிறது என்றார். எல்லாம் இவர் தினமும் கரும்பலகையில் எழுதும் சொற்கள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆசிரியர்களும் பேங்க் ஆட்களும் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை கற்பூரம் கொளுத்தும் பக்கத்து வீட்டம்மாவைவிட ஒரு படி மேலே போய்விட்டதாக எனக்கு நினைப்பு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள், பஸ் நின்றுபோனது. "கூட்டமா உக்காந்து அமைதி அலை அனுப்பினா அவங்க மனசு அடங்கும். இது சயின்ஸ்" என்று இவர் எங்களைத் தியாகதுருகம் சாலைக்கு அழைத்துப்போனார்.

வெட்டிக் கிடந்த புளியமரத்துக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற போராட்டக்காரர்களில் பாதிப்பேர் இவரிடம் படித்தவர்கள். "நம்ம சாரு நமக்காக உண்ணாவிரதம் இருக்க வந்துக்கிறாரு" என்று ஒருவன் கத்த, கூட்டமே கை தட்டியது. எங்களுக்கு நிழலில் இடம் ஒதுக்கினார்கள். ஒரு பெண் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இவர் கண்ணைத் திறந்து, "உண்ணாவிரதம் இல்லப்பா, தியானம். அமைதி அலை அனுப்பிக்கினு இருக்கோம்" என்றார்.

"யாருக்கு சார்?" என்றான் முதலில் கத்தியவன்.

"உங்களுக்குத்தான். மனசு அடங்கறதுக்கு."

அவன் ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு மெதுவாகத்தான் கேட்டான். "உங்க பாடத்துல நல்ல மார்க் வாங்கினேன் சார். இப்ப கச்சிராயபாளையத்துல கரும்பு வெட்டிக்கினு இருக்கேன். வேலை குடுன்னு கேக்கறவனுக்கு இன்னாத்துக்கு சார் மனசு அடங்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது எழுந்து வந்திருப்போம். தண்ணீர் கொண்டுவந்த பெண் குடத்தைத் திரும்ப எடுக்கவுமில்லை, எங்களைப் பார்க்கவுமில்லை. அவர்கள் பார்க்கப் பார்க்க ஜமக்காளத்தை மடித்துக்கொண்டு வெயிலில் நடந்தோம். வழியில் பேங்க்காரர் ஒருவர், "அலை போய்ச் சேர நாளாகும் சார்" என்றார். இவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூடத்தில் எல்லாரிடமும் சொன்னார்: "கண்ண மூடி உக்காந்தா எனக்கு நல்லா இருக்குது. அலை இருக்குதான்னு தெரியாது. நான் அளந்து பாத்ததில்ல."

அலை இல்லாத தியானம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் கூடம் காலியானது. பேங்க்காரர் வீட்டில் வகுப்பு தொடர்ந்தது. இவர் மட்டும் விடியற்காலையில் தனியாக உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்காரவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கைதட்டல்தான் கேட்டது.